“டூ வீலர் இருக்கா?” – மலிவு சீன ஸ்கூட்டர் வாங்கும் முன்

ஃபீல்டு சேல்ஸ், லோன் கலெக்ஷன், மெடிக்கல் ரெப், டெலிவரி. எந்த வேலைக்குப் போனாலும் முதல் ரவுண்டிலேயே இரண்டு கேள்வி வரும்: “டூ வீலர் இருக்கா? டிஎல் இருக்கா?” திண்டிவனம்–மரக்காணம் ரோட்டில், பிரம்மதேசம் மாதிரி ஊரிலிருந்து வேலை தேடுகிறவர் பஸ்ஸை நம்பி நைட் ஷிப்ட்டுக்கு ஒத்துக்கொள்ள முடியாது. “இருக்கு சார்” என்று சொல்பவருக்குத்தான் வேலை. அந்த அவசரத்தில்தான் “லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம்” என்ற கடை போர்டு கண்ணில் படும்.

சரக்கு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மலிவான சீனப் பெட்ரோல் பைக் நம் ஊர் மார்க்கெட்டில் கிடையாது என்றே சொல்லலாம். இத்தாலியப் பெயர் கொண்ட பெனெல்லி 2005 முதல் சீனக் கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அது காசுக்காரர் வண்டி. உங்கள் பட்ஜெட்டுக்கு வருவது சீன மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜரை இறக்கி, இங்கே பூட்டி, உள்ளூர்ப் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டிய லோ ஸ்பீடு இ-ஸ்கூட்டர்.

மலிவு சீன வண்டி அனுபவம் வியட்நாம்காரர்களுக்கு முன்பே உண்டு. 2000 வாக்கில் ஹோண்டா ட்ரீம் பைக்கின் சீன நகல்கள் அங்கே அடிமாட்டு விலைக்குக் குவிந்தன. 2002-ல் ஹோண்டா ‘வேவ் ஆல்ஃபா’ என்ற மலிவு மாடலை இறக்கியது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அப்படியும் இ-ஸ்கூட்டர்தான் என்றால், இவற்றைக் கவனியுங்கள்.

1. ரூட்டைக் கணக்குப் போடுங்கள். 250 வாட்டுக்குக் கீழ் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம், பேட்டரி இல்லாமல் 60 கிலோவுக்குள் எடை. இவை மூன்றும் இருந்தால்தான் ரெஜிஸ்ட்ரேஷனும் லைசென்ஸும் தேவையில்லை. 20 கிலோமீட்டர் தள்ளி வேலை என்றால் போகவே முக்கால் மணிக்கு மேல் ஆகும். உப்பளத்துக்கோ பக்கத்துக் கடைக்கோ போக ஓகே. திண்டிவனத்தில் ஷிப்ட் என்றால் அதே காசுக்கு ஆர்சி, இன்சூரன்ஸ் சரியாக உள்ள பழைய 100 சிசி பைக்கே மேல்.

2. “வயரைக் கழட்டினா நாற்பதுல போகும் தம்பி” என்று கடைக்காரர் காதைக் கடிப்பார். கேட்காதீர்கள். கன்ட்ரோலரில் உள்ள ஸ்பீடு லிமிட் வயரைக் கழற்றிய நிமிஷமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். உங்களிடம் நம்பர் பிளேட்டும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் சம்பளத்திலிருந்துதான்.

3. பில் வாங்குங்கள். எலக்ட்ரிக் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர், ஒவ்வொரு பேட்டரி என எல்லாவற்றின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும். வாரன்டி சண்டையில் பேசப்போவது அந்த நம்பர்தான். கூடவே, “இதே கன்ட்ரோலர் இப்ப ஸ்டாக்ல இருக்கா? எடுத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். “வரவழைச்சுத் தர்றோம்” என்றால் அடுத்த கடை. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதியை இறுக்கியபோது பெரிய கம்பெனிகளே மோட்டாருக்குத் திண்டாடின. தெருமுனைக் கடை எப்படி வரவழைக்கும்?

4. பேட்டரிதான் பாதி வண்டி. லெட் ஆசிட் என்றால் 12 வோல்ட் டப்பா நாலோ அஞ்சோ இருக்கும். பாதி சார்ஜில் போட்டுவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போகாதீர்கள். தகட்டில் சல்பேட் படிந்து டப்பா செத்துவிடும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம், அரை மணி ஆறட்டும். ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றுவது வேஸ்ட். பழைய டப்பாக்கள் புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். செட்டாக மாற்றுங்கள்.

5. இந்தக் கடற்கரைக்கென்று தனி வேலை ஒன்று உண்டு. கம்பெனி மேனுவலில் அது இருக்காது. மரக்காணம் உப்பளக் காற்று வெளியே தெரியும் இரும்பை மட்டும் தின்பதில்லை. சீட்டைத் தூக்கிப் பாருங்கள். மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த வயர்களும் கன்ட்ரோலர் வயர்களைச் சந்திக்கிற இடத்தில் சில மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். களிம்பு ஏறினால் கனெக்‌ஷன் சூடாகும், பிளாஸ்டிக் உருகும், நடு ரோட்டில் வண்டி நிற்கும். மெக்கானிக் “மோட்டார் போச்சு” என்பார். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை பேட்டரி சுவிட்சை (எம்சிபி) ஆஃப் செய்து, கனெக்டரைப் பிரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, டைட் வைத்து, மேலே வாசலின் தடவுங்கள். பத்து ரூபாய் டப்பா போதும். அடிப்பக்க வெல்டிங்குக்கு ரெட் ஆக்ஸைடு ஒரு கோட். வாட்டர் வாஷ் கன் வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்த துணி போதும்.

6. இனி அந்த இரண்டாவது கேள்வி. லோ ஸ்பீடு வண்டி “டிஎல் இருக்கா?” என்பதற்குப் பதில் ஆகாது. ஆர்சி காப்பி கேட்டுத்தான் பெட்ரோல் அலவன்ஸ் தரும் கம்பெனியில் உங்களுக்கு ஒரு பைசா வராது. அதனால் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே எல்எல்ஆர் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து திண்டிவனம் ஆர்டிஓவில் டெஸ்ட்டுக்குப் போகலாம். அப்ளிகேஷனில் மட்டும் ‘வித் கியர்’ என்று போடுங்கள். கியர்லெஸ் லைசென்ஸை வைத்துக்கொண்டு கம்பெனி கொடுக்கிற பைக்கைத் தொட முடியாது.