நம்பிக்கைகளும் உண்மைகளும்: போர் தண்ணீரின் குணம் கணினிக்குத் தெரியுமா?

"பல்லில் கறை இருந்தால், ஒழுங்காகத் துலக்கவில்லை என்று அர்த்தம்."

தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் வெளியூரில் படிக்கப் போனால் அதிகம் கேட்க வேண்டியிருக்கும் பேச்சு இதுதான். சாம்பல், வேப்பங்குச்சி, கடையில் விற்கும் பற்பசை என்று எதை வைத்துத் தேய்த்தாலும் அந்தப் பழுப்பு போகாது. கறை பல்லின் மேல் ஒட்டியிருந்தால்தானே போகும்? அது ஈறுக்குள் பல் உருவான காலத்திலேயே எனாமலுக்குள் அமைந்துவிட்டது. குழந்தைக்கு ஏறத்தாழ எட்டு வயது ஆகும்வரை நிலையான பற்களின் எனாமல் வளர்கிறது. அந்த வயதில் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் எனாமலைக் கட்டும் செல்களின் வேலை கெடுகிறது. முளைக்கும் பல் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ குழி விழுந்தோ முளைக்கிறது. எட்டு வயதுக்குப் பிறகு இந்த ஊருக்குக் குடிவந்தவருக்கு அந்தக் கறை வராது; இங்கே பிறந்து வளர்ந்து பம்பாய்க்குப் போனவருக்கு அது மறையாது. இது பரம்பரை நோயும் அல்ல. ஒரே வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் இருக்கிறதென்றால், மூவரும் ஒரே மண்ணின் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு முப்பது ஆண்டு பிடித்தது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901-இல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரடெரிக் மெக்கே, ஊர்க்காரர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்துத் தண்ணீரைச் சந்தேகித்தார். ஆனால் அந்தக் காலத்துச் சோதனைகளில் தண்ணீரில் எந்தக் குற்றமும் அகப்படவில்லை. 1931-இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் சர்ச்சில், நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்த பிறகே ஃபுளோரைடு சிக்கியது. நம் பக்கத்தில் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பல்லோடு எலும்பும் இறுகிப்போன மக்களைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் எழுதினார்கள். ஃபுளோரைடு மிகுவதால் வரும் இந்த ஃபுளோரோசிஸ் நோய்க்கு இந்தியாவில் முதல் பதிவு அதுதான்.

"தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும்."

கிருமிக்குப் போதும், ஃபுளோரைடுக்கு இது எதிர்விளைவு. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருந்த இரண்டு லிட்டர் தண்ணீர் ஒன்றரை லிட்டராக வற்றினால், மிஞ்சியதில் அளவு 2 ஆகிவிடும். மெழுகுவர்த்தி ஃபில்டரும் புற ஊதா விளக்கு வைத்த இயந்திரமும் இதற்கு உதவா. ஆர்.ஓ. குறைக்கும்.

இன்னொன்று, குடிக்கிற தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுக் களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீரையே பிடிக்கும் வழக்கம். உலையில் ஊற்றிய தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு சோற்றோடும் களியோடும் உள்ளே போகிறது. குடிநீர் வேறு, சமையல் நீர் வேறு என்று உடம்புக்குக் கணக்குத் தெரியாது.

"இது ஆலைக் கழிவால் வந்தது."

தர்மபுரிக்கு இது பொருந்தாது. ஃபுளோரைடு இங்குள்ள பாறையிலேயே இருக்கிறது. பழமையான நைஸ் பாறைகளும் அவற்றில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களும் நிலத்தடி நீரில் மெல்ல மெல்லக் கரைகின்றன. தண்ணீர் பாறையோடு எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு ஃபுளோரைடு ஏறும். சுண்ணாம்புச்சத்து குறைந்து சோடியம் கூடிய தண்ணீரில் இன்னும் எளிதாக ஏறும். மழை பொய்த்து, கிணறு வற்றி, போரை ஆழம் ஆழமாக இறக்கிக்கொண்டே போனதன் விலையும் இதில் உண்டு.

"புளி சாப்பிட்டால் ஃபுளோரைடு ஓடிவிடும்."

புளியமரங்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் இந்த நம்பிக்கைக்கு ஆதரவு கிடைப்பதில் வியப்பில்லை. மற்ற நம்பிக்கைகளைப் போல இதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் இதன் அடியில் உண்மையான ஆய்வு இருக்கிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கந்தாரேவும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் நாய்களிடம் சோதித்தார்கள். பிறகு ஆரோக்கியமான சிறுவர்களுக்கு மதிய உணவோடு நாள்தோறும் 10 கிராம் புளியை 18 நாள் கொடுத்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவின்படி, சிறுநீரில் வெளியேறிய ஃபுளோரைடு நாளொன்றுக்குச் சராசரி 3.5 மில்லிகிராமிலிருந்து 4.8 ஆகக் கூடியது.

நல்ல செய்திதான். ஆனால் இதைப் படித்தவர் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஆய்வில் இருந்தவர்கள் இருபது பேர் அளவிலான சிறு குழு. காலம் மூன்று வாரத்துக்கும் குறைவு. சிறுநீரில் கூடுதலாகப் போனது என்பது வேறு, பல்லும் முதுகெலும்பும் சீரானது என்பது வேறு. இரண்டாவதை அந்த ஆய்வு சொல்லவே இல்லை. பிறகு ஃபுளோரைடு மிகுந்த பகுதிச் சிறுவர்களிடம் அதே குழு செய்த ஆய்வைக் கவனியுங்கள்: தண்ணீரை முதலில் மாற்றிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் புளியால் என்ன பலன் என்று பார்த்தார்கள். அந்த வரிசையில்தான் பாடம் இருக்கிறது. கெட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டே புளிக்கரைசலை நம்புவது, ஓட்டைக் குடத்துக்கு மெழுகு பூசிக்கொண்டே இருப்பது மாதிரி. ரசமும் புளிக்குழம்பும் நம் சாப்பாட்டில் இருக்கட்டும், மருந்தாக அல்ல. ராகியும் அப்படியே: அதன் சுண்ணாம்புச்சத்து குடலில் ஃபுளோரைடு ஏறுவதை ஓரளவு தடுக்க உதவும். அந்தக் களியைக் கிண்டியது எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு ராகியிடம் பதில் இல்லை.

"கணினி வரைபடத்தில் எங்கள் பகுதி ஆபத்தில்லாத நிறத்தில் இருக்கிறது, அதனால் எங்கள் போர் நல்லது."

இது புதிய நம்பிக்கை, படித்தவர்களிடம் அதிகம். கைப்பேசியில் ஒரு படம் வரும், பார்த்ததும் நிம்மதியோ பீதியோ பிறக்கும். படத்தின் பின்னணி இது: சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீரியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பொட்கோர்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2018-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12,600 இடங்களின் நிலத்தடி நீர் அளவீடுகளை எடுத்து, அந்தந்த இடத்துப் பாறை, மண், மழை, வெப்பம் ஆகிய விவரங்களோடு கணினிக்குக் கொடுத்தார்கள். 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்னும் முறையில் நூற்றுக்கணக்கான தீர்மான மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவு சொல்ல, பெரும்பான்மையைக் கொண்டு, அளவெடுக்காத இடங்களிலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்தார்கள். இந்தியாவில் சுமார் 12 கோடிப் பேர் ஆபத்துப் பகுதியில் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. 2022-இல் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கொண்டு உலகம் முழுவதற்கும் அப்படியொரு வரைபடம் வந்தது. அதில் கணக்கு 18 கோடி.

போர் போடும் முன் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைவிட இந்தக் கணினி எவ்வளவோ மேல், ஏனென்றால் தன் கணிப்பு எத்தனை தரம் தவறும் என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அது சொல்வது நிகழ்தகவு. ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்துக்கு ஒரு நிறம். அந்தக் கட்டத்துக்குள் உங்கள் காட்டில் இருக்கும் போரும் பக்கத்துக் காட்டுப் போரும் ஆழத்தாலும் பாறை வெடிப்பாலும் வேறு வேறு தண்ணீர் தரலாம். அரசுக்கு எந்த ஒன்றியத்தில் முதலில் சோதனை நடத்துவது என்று முடிவெடுக்க இந்த வரைபடம் பொன் போன்றது. ஒரு வீட்டுக்கு, அடுத்து எங்கே பார்க்கலாம் என்ற குறிப்பு மட்டும்தான். நிறம் மோசமாக இருந்தால் பயப்பட வேண்டாம், நன்றாக இருந்தால் தூங்கிவிடவும் வேண்டாம்.

"கணினி ஆராய்ச்சிக்கும் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்?"

மேலே சொன்னதற்கு நேர் எதிரான நம்பிக்கை, இதுவும் தவறு. எனக்குப் பிடித்த கதை இதில்தான் இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் ஆய்வுக்கூடம், எண்ணற்ற பாக்டீரியாக்களின் மரபணுத் தொடர்களைக் கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மாறாமல் திரும்பத் திரும்ப வரும் 104 ஆர்.என்.ஏ. வடிவங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று, எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் விளங்காத ஒரு மடிப்பு. கணினியால் 'இது ஏதோ முக்கியமான பொருள்' என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்த பிறகே, 2012-இல், அது ஃபுளோரைடை உணர்ந்து திரும்பும் சுவிட்ச் என்று தெரிந்தது. ஃபுளோரைடு வந்தால் அதை வெளியே தள்ளும் புரதத்தைச் செய்யச் சொல்லிப் பாக்டீரியாவுக்கு அது உத்தரவு கொடுக்கிறது. மனிதர் கொலராடோவிலும் நெல்லூரிலும் கண்டுபிடிக்கத் திணறிய பொருளைக் கண்ணுக்குத் தெரியாத உயிர் காலங்காலமாக அடையாளம் கண்டுகொண்டிருந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழுவினர் அந்தச் சுவிட்சைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்து, உலர்த்தி, சிறு குழாயில் அடைத்தார்கள். தண்ணீரை ஊற்றினால், ஃபுளோரைடு மிகுந்திருந்தால் மஞ்சள் நிறம் வரும். 2020-இல் கோஸ்டாரிகாவின் எரிமலைப் பகுதித் தண்ணீரில் சோதித்தார்கள்; பிறகு கென்யாவின் கிராமத்து வீடுகளில் மக்கள் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2020 ஆய்வு குறிவைத்த அளவு, அமெரிக்க வரம்புகளில் கடுமையானதான லிட்டருக்கு 2 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்கதாகவும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. நம் வரம்புக்குக் குழாயைச் சரிசெய்யாமல் நம் ஊருக்குக் கொண்டுவந்தால், 1.7 இருக்கும் தண்ணீரை 'நல்ல தண்ணீர்' என்று அது சொல்லிவிடும்.

"கணினியில் மூலிகை ஒட்டிக்கொண்டது, மருந்து கிடைத்துவிட்டது."

கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரின் மூலக்கூறுகளைக் கணினியில் வைரஸின் புரதங்களோடு பொருத்திப் பார்த்த ஆய்வுகள் நிறைய வந்தன. பொருந்துகிறது என்பதைக் 'கொல்கிறது' என்று செய்தியாக்கினார்கள். கணினியில் ஒட்டுவது, செல்லில் வேலை செய்வது, விலங்கில் பலன் தருவது, மனிதருக்குக் கேடில்லாமல் குணமாக்குவது ஆகிய நான்கும் வேறு வேறு படிகள். பெரும்பாலான மூலக்கூறுகள் முதல் படியைத் தாண்டுவதில்லை. ஃபுளோரோசிஸுக்கும் இப்படிச் செய்திகள் வரும். எலும்பில் படிந்துவிட்ட ஃபுளோரைடை மீட்டெடுக்கும் நிலைநாட்டப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. நாற்பது வயதில் கழுத்தும் இடுப்பும் விறைத்தவரிடம் வாயுத் தொல்லை என்று தைலம் விற்பவரை நம்பாதீர்கள். குனிந்து கால்விரலைத் தொட, மோவாயை நெஞ்சில் வைக்க, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போய் முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர்ச் சோதனையும் கேளுங்கள்.

"காவிரித் தண்ணீர் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது."

ஜப்பான் நிதியுதவியோடு ரூ. 1,928.80 கோடி மதிப்பீட்டில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் ஒழிப்பும் இருக்கிறது. 2013 மே மாதம் அது தொடங்கிவைக்கப்பட்டது. இந்த மாவட்டத்துக்கு நடந்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தண்ணீரை மட்டுமே குடித்து வளரும் பிள்ளைகளுக்குக் கறைப் பல் வரக் காரணமில்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் வராத நாளில் கை போகும் இடம் பழைய போர்தான். மேல்நிலைத் தொட்டியில் இரண்டையும் கலந்து விட்டால், எந்த அளவில் கலந்தது என்று குடிப்பவருக்குத் தெரியாது. அதனால் அந்தப் போரின் அளவைத் தெரிந்து வைத்திருப்பது இன்றும் அவசியம்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் அலசி, நிறையப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். ஊராட்சியில் இருக்கும் சோதனைப் பெட்டியை வைத்து முதலில் பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். 'நல்ல தண்ணீர்தான்' என்ற பதிலோடு திரும்பிவிடாமல் ஃபுளோரைடு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை எழுதி வாங்குங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எண் மாறும், ஆகையால் இரண்டு முறையும் பாருங்கள். 1.5-ஐத் தாண்டினால் அந்தப் போரைத் துணி துவைக்கவும் வீடு கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கும், முக்கியமாக எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வாய்க்கும் அந்தத் தண்ணீர் போக வேண்டாம்.