குறைமாதக் குழந்தைக்குப் பெற்றோரின் தொடுகை

கருவுற்ற 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். அக்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்கியூபேட்டருக்குள், குழாய்களுக்கு நடுவே கிடப்பதைக் காணும் பெற்றோர் பலர், தமது கை பட்டால் பிள்ளைக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி எட்டியே நின்றுவிடுகின்றனர். அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் பெற்றோர் அங்கே வெறும் பார்வையாளர் அல்லர். அவர்களது தொடுகையும் சிகிச்சையோடு சேர்ந்த பராமரிப்பே.

கருவில் வளரும் சிசுவிடம் முதலில் தோன்றும் புலன் தொடு உணர்வாகும். எப்பக்கமும் அணைத்திருந்த கருப்பையின் சுவரை, முன்கூட்டியே பிறந்த குழந்தை இழந்துவிடுகிறது. அதன்மேல் படும் கைகளுள் பல, இரத்தம் எடுக்கவோ ஊசி ஏற்றவோ வருபவை. வலி தராத கையும் உண்டு என்பதை அது பெற்றோரிடமிருந்தே அறிந்துகொள்கிறது.

ஆனால் தொடும் முறை முக்கியமானது. தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிடும் வழக்கம் உண்டு. நிறைமாதக் குழந்தைக்கு இன்பம் தரும் அந்த வருடல், மெல்லிய தோலும் முதிராத நரம்புகளும் கொண்ட குறைமாதக் குழந்தையைக் களைப்படையச் செய்யலாம். அதற்கு வேண்டியது அசையாத கை. கைகளைக் கழுவி, வெதுவெதுப்பாக்கி, மெல்லப் பேசிய பின், ஓர் உள்ளங்கையைத் தலைமேல் குவித்தும் மற்றையதை மடங்கிய கால்களைச் சுற்றியும் வைத்திருத்தல் வேண்டும். கைகளை எடுக்கும்போதும் ஒவ்வொன்றாக, மெதுவாக எடுக்க வேண்டும். முகம் தளர்ந்து மூச்சுச் சீராகுமாயின் குழந்தை அதனை விரும்புகிறது. விரல்களை விரித்தல், முதுகை வளைத்தல், விக்கல், தோலின் நிறம் மாறுதல் ஆகியவை ஓய்வு வேண்டும் என்பதன் அடையாளங்கள். அப்போது தாதியிடம் சொல்லலாம்.

அடுத்தது, குழந்தையைப் பெற்றோரின் வெறும் மார்பின்மீது தோலோடு தோல் சேர அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு. 1978ஆம் ஆண்டளவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்னும் மருத்துவர் தொடங்கிய முறை இது. வறுமைக்கு ஏற்ற மாற்றுவழி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியா, கானா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு அக்கருத்தை மாற்றியது: பிறந்தவுடன் இப்பராமரிப்பைப் பெற்ற எடை குறைந்த குழந்தைகளுள் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0 சதவீதம், உடல்நிலை சீரான பின்னரே அதனைப் பெற்றோருள் 15.7 சதவீதம். மறு ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணிநேரம் வரை இதனை அளிக்குமாறு பரிந்துரைத்தது. சுவாசக் கருவியின் துணையுடன் இருக்கும் குழந்தைக்கும் தாதியரின் உதவியோடு பல வேளைகளில் இது இயலும். இடமாற்றமே குழந்தைக்குச் சிரமம் தருவதால், ஒரு மணி நேரமாவது அமர்ந்திருப்பது நன்று.

31 நாள் துடக்குக் கழியும் வரை தாய் வீட்டிலேயே இருக்க வேண்டும் எனப் பெரியோர் சிலர் வற்புறுத்துவதுண்டு. குறைமாதக் குழந்தைக்கு அந்த நாட்களே மிகவும் இன்றியமையாதவை. தாயால் வர இயலாத நாளில் தந்தையின் மார்பும் அதே வெப்பத்தை அளிக்கும். அப்பம்மாவோ அம்மம்மாவோ வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அதுவும் குழந்தைக்குச் செய்யும் உதவியே.

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுச் செல்லுதல் வேண்டும்; வாசனைத் திரவியம் பூசுதல் ஆகாது. ஆங்கிலம் சரளமாக வராதோர் தேசிய சுகாதார சேவையின் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தல் கூடாது.

வேலைக்குத் திரும்ப வேண்டிய தந்தையருக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்த 28 நாட்களுக்குள் அனுமதிக்கப்பட்டு, தொடர்ந்து 7 நாட்களோ அதற்கு மேலோ மருத்துவப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெற்றோரான ஊழியர், மகப்பேற்று அல்லது தந்தைமை விடுப்புக்கு மேலதிகமாக 12 வாரங்கள் வரை விடுப்புப் பெறலாம். இவ்விடுப்புரிமை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. ஊதியம் பெறுவதற்கு 26 வார சேவையும் குறித்த அளவு வருமானமும் தேவை.