வேகாஸில் உப்பு மூட்டை தூக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

லாஸ் வேகாஸில் வீட்டுத் தண்ணீர்க் கருவிகள் பொருத்தும் வேலையில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். வேதியியல் படித்துவிட்டுக் குழாய் வேலையா என்று வீட்டில் குறைப்படுகிறார்களாம். படட்டும். அந்த ஊரில் அது நல்ல வேலை, ஓயாத வேலை. எனக்கு உறுத்தியது வேறு: வாடிக்கையாளர் வீட்டில் செய்துகாட்டச் சொல்லிக் கொடுத்த அந்த 'டெமோ' பற்றி நீ பெருமையாக எழுதியிருந்த பத்தி.

சென்னையில் ஆர்.ஓ. விற்க வருகிறவர்களும் அதே பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வடிகட்டியது. கம்பிகளை முக்கி சுவிட்சைப் போட்டால் குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் குழம்பும். வீட்டம்மா பதறிப்போவார். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து துருவானது, அவ்வளவுதான். உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கம்பி அரிக்கும். வடிகட்டிய தண்ணீர் அவ்வளவாகக் கடத்தாது, தெளிவாக நிற்கும். வேதியியல் படித்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி, தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் விற்பதும் இதே ரகம். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. மீட்டரில் எண் குறையவே குறையாது.

தண்ணீரின் கடினத்தை அளக்க சொட்டுப் பரிசோதனை போதும். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சிறு புட்டியில் கோடு வரை பிடி. நிறங்காட்டி விட்டதும் தண்ணீர் திராட்சைச் சிவப்பாகும். அப்புறம் பரிசோதனைக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கு. சிவப்பு ஊதாவாகி, திடீரென்று நீலமாகும் சொட்டில் நிறுத்து. ஒரு சொட்டுக்கு ஒரு 'கிரெயின்' கணக்கு என்றால் வேகாஸில் பதினாறு, பதினேழு சொட்டு பிடிக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 280 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வகைப்பாடு. வீட்டுக்காரர் கண்ணெதிரே எண்ணு. அவரையே குலுக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்து அவர் கேட்கப்போவது, "இதைக் குடிக்கலாமா?" என்பதுதான். குடிக்கலாம். கடினத்துக்கென்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. ஊர்த் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் மீட் ஏரி வழியாக வரும் கொலராடோ ஆறு. ராக்கி மலையிலிருந்து சுண்ணாம்புப் பாறைகளையும் ஜிப்சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது, வழியில் வெயில் அதைச் சுண்ட வைக்கிறது. ஏரிக்கரைப் பாறைகளில் நீர்மட்டம் இறங்கிய இடமெல்லாம் வெள்ளைப் பட்டை தெரியுமே, அந்தக் கால்சியம் கார்பனேட்தான் குழாய் முனையிலும் படிகிறது.

உடம்புக்கு ஆகாதது இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆகாது. முதல் அடி ஹீட்டருக்கு. தண்ணீர் சூடாகும்போது பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பு டாங்க் அடியில் இறங்குகிறது. அந்தப் படிவத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாகி வெடிக்கும்போது, சட்டியில் சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் எரிவாயுவில் ஒரு பங்கு சுண்ணாம்பைச் சூடாக்கத்தான் போகிறது என்று வைத்துக்கொள். வருடத்துக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்து டாங்கைக் கழுவச் சொல். டாங்க் இல்லாத ஹீட்டர் என்றால் இரண்டு பக்கமும் வால்வை மூடிவிட்டு, சின்ன மோட்டார் வைத்து வினிகரைச் சுற்றவிட்டால் படிவம் கரையும். பழைய வீடுகளில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் 'ஸ்வாம்ப் கூலர்' இருக்கும். தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு பின்தங்குவதால் அட்டைகள் கல்லாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நீரை வடித்துக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. ஷவர் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி இரவில் கட்டிவிடச் சொல், காலையில் துளைகள் திறந்திருக்கும். பளிங்குக் கல் மேல் மட்டும் அந்த வினிகர் படக்கூடாது, அரித்துவிடும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரமாகும். நம் ஊரில் போர் தண்ணீரில் சமைத்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டாம்.

சாஃப்ட்னரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் குழாய்க்கு என்பதுதான் கேள்வி. 280 மில்லிகிராம் கடினத்தை முழுக்க மாற்றினால் லிட்டருக்கு 130 மில்லிகிராம் அளவில் சோடியம் சேரும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் சமையலறைக் குளிர்நீர்க் குழாயைத் தொடாதே. பொட்டாசியம் உப்பு போடலாமே என்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்கட்டும். தோட்டத்துக் குழாய் சாஃப்ட்னருக்கு வெளியே இருக்கட்டும், சோடியம் மண்ணைக் கெடுக்கும். படிவம் பெரும்பாலும் சூட்டில்தான் வருகிறது என்பதால் வெந்நீர் லைனுக்கு மட்டும் பொருத்துவதே பல வீடுகளுக்குப் போதும். காந்தப் பட்டை சுற்றினால் தண்ணீர் மென்மையாகும் என்பவர்களிடம் நேரத்தை வீணாக்காதே.

இவ்வளவு கறாராக நான் சொல்வதற்குக் காரணம் உப்பு மூட்டை. சாஃப்ட்னரை அவ்வப்போது உப்புநீரால் கழுவ, நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 18 கிலோ மூட்டை மாதம் கிட்டத்தட்ட ஒன்று ஆகும். அது அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. வேகாஸில் வீட்டுக்குள் பயன்படும் தண்ணீர் அநேகமாக முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, வாஷ் எனப்படும் ஓடை வழியாக மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பிய அளவுக்கு ஊர் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். பாலைவனத்தில் இத்தனை லட்சம் பேர் வாழ முடிவது அந்தக் கணக்கால்தான். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் உப்பை எடுப்பதில்லை. உன் வாடிக்கையாளர் கொட்டிய சோடியம் ஏரிக்குப் போய், அரிசோனா, கலிஃபோர்னியா, மெக்ஸிகோ வரை இறங்குகிறது.

அதே ஆற்றில் உப்பைக் குறைக்க 1974-லிருந்து ஒரு சட்டமே இருக்கிறது. ஹூவர் அணைக்குக் கீழே லிட்டருக்கு 723 மில்லிகிராம் என்பது வரம்பு. கொலராடோ மாநிலத்தின் பாரடாக்ஸ் பள்ளத்தாக்கில், உப்பு ஆற்றில் கலக்காமல் இருக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 1,00,000 டன் உப்பை உப்புநீராக எடுத்து ஆழ்கிணற்றில் இறக்கினார்கள். 2019-இல் 4.5 அளவில் நிலநடுக்கம் வந்து அதை நிறுத்த வேண்டியதாயிற்று. மேலே அத்தனை பாடு, கீழே நாம் கடையில் வாங்கிக் கொட்டுகிறோம். கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரிடா ஊர்க்காரர்கள் 2008-இல் வாக்களித்து, தானாக உப்பு கழுவும் சாஃப்ட்னர்களையே விலக்கினார்கள். அவர்கள் ஊர் ஆற்றின் கீழ்ப்பக்கத்து அவகாடோ, ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களுக்கு அந்த உப்பு ஆகவில்லை.

ஆகவே கடிகாரம் வைத்துக் கழுவும் பழைய கருவியை யாருக்கும் விற்காதே. ஓடிய தண்ணீரை அளந்து கழுவும் கருவியைக் கொடு. நீ எண்ணிய சொட்டுக் கணக்கையே அதில் பதி, கூட்டிப் பதியாதே. வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு புட்டி வினிகரும் வருடம் ஒருமுறை டாங்க் கழுவலும் போதுமான வீடுகள் அந்த ஊரில் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்