பொதுப் பிரிண்டரும் பிறர் ஆவணமும்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் நலப்பணி அலுவலகங்களில் பிரிண்டருக்கு ஓய்வே கிடையாது. ஆதார், வருமானச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் கைபேசியில் வைத்துக்கொண்டு மாணவர்களும் பெற்றோரும் வருகிறார்கள். "பாய், வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க, ஒரு பிரிண்ட் எடுத்துக்கிறோம்" என்கிறார்கள். மறுத்தால் ஏழை மாணவர் கடை கடையாக அலைய வேண்டும். கொடுத்தால் என்ன ஆகும்?

அலுவலக வைஃபைக்குள் ஒருவர் வந்துவிட்டால் பிரிண்டரோடு, அதே இணைப்பில் உள்ள கணக்குக் கணினியும் பகிர்ந்து வைத்த கோப்புகளும் அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. வந்தவர் நல்லவர்தான்; ஆனால் அவருக்கே தெரியாமல் அவருடைய கைபேசியில் வைரஸ் இருக்கலாம். ஒருவருக்குச் சொன்ன பாஸ்வேர்டு ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வந்தவருக்குத் தேவை பிரிண்ட். அலுவலக இணைப்பு அல்ல. இரண்டையும் பிரித்துவிட்டால் உபசரிப்பும் குறையாது, பாதுகாப்பும் கெடாது.

ரவுட்டரில் விருந்தினருக்கென்று 'கெஸ்ட்' வைஃபை அமைக்கலாம். ஆனால் அதில் இணைந்தவருக்குப் பெரும்பாலும் பிரிண்டர் தெரியாது. அலுவலகத்தின் மற்றக் கருவிகளை மறைப்பதுதான் அதன் வேலையே. இது புரியாமல், "கெஸ்ட் வேலை செய்யவில்லை" என்று அலுவலகப் பாஸ்வேர்டையே கொடுத்துவிடுவோரும் உண்டு. அது தேவையில்லை. இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வைஃபை டைரக்ட். இன்றைய வைஃபை பிரிண்டர்கள் பலவற்றில் இது உண்டு. கைபேசி நேரடியாகப் பிரிண்டரோடு மட்டும் இணையும். அதற்கெனத் தனிப் பாஸ்வேர்டு வைத்து, அவ்வப்போது மாற்றிவிட வேண்டும். அச்சிட வேண்டிய கோப்பை முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பிரிண்டுக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி. வருபவர் அதற்கு அனுப்புவார். ஊழியர் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அப்போதே அழித்துவிடுவார். இதற்கு எந்தப் பாஸ்வேர்டும் சொல்ல வேண்டியதில்லை.

அச்சிட்ட பிறகும் கவனம் தேவை. டிரேயில் மறந்து விட்டுப்போன தாளை அடுத்து வருபவர் படித்துவிடலாம். அலுவலகப் பிரிண்டர்கள் பலவற்றில் பின் எண் வசதி இருக்கிறது. உரியவர் வந்து எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும். ஊழியர் சம்பளம், உதவி பெறுவோர் பட்டியல் போன்றவற்றை இவ்வாறே அச்சிட வேண்டும்.

கணினியின் 'டவுன்லோட்ஸ்' பகுதியையும் தினமும் மாலையில் காலி செய்ய வேண்டும். இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு. அறிந்தவர் எவரும் திறந்துவிடலாம். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தவர் போகும்போது வெளியேறிவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும்.

இனி பிரிண்டரையே கவனிப்போம். கம்பெனி வைத்துக் கொடுத்த நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். வெளி இணையத்திலிருந்து பிரிண்டரை அணுகும் வழியை ரவுட்டரில் அடைக்க வேண்டும். 2018 நவம்பரில், அப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களுக்கு ஒருவர் எங்கிருந்தோ ஒரு யூடியூப் சேனலுக்கான விளம்பரத்தை அனுப்பி அச்சிட வைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாக அவரே சொன்னார்.

பெரிய நகல் இயந்திரங்களுக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கும்; நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கிவிடலாம். அமெரிக்காவின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை டிஸ்கை அழிக்காமலே திருப்பிக் கொடுத்தது. 3,44,579 பேர் வரையிலானோரின் மருத்துவ விவரங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013இல் அந்நிறுவனம் 12 இலட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. ஆகவே பழைய இயந்திரத்தை விற்குமுன் டிஸ்கை அழிக்கச் செய்யுங்கள்.

நம்மை நம்பி ஒருவர் தரும் தாள் அமானிதம். அவருக்குக் கதவைத் திறந்து வைப்போம். அவருடைய ஆவணத்தைப் பூட்டி வைப்போம். உங்கள் அலுவலகப் பிரிண்டரின் டிரேயில் யாருடைய தாள் கிடக்கிறது என்று இன்றே ஒருமுறை பாருங்கள்.