ஆறு மணி நேர வானிலைக்கு ஆறு வாரக் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம், “கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று கூறுவதுண்டு. அவர்களுக்கு நான் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கதையைச் சொல்வேன்.

இவர் 1881-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தவர். காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சமன்பாடுகள் சொல்கின்றன. ஆனால் வானிலைக்கு அவற்றை நேரடியாகத் தீர்க்க முடியாது. ரிச்சர்ட்சன் ஒரு வழி கண்டார். வரைபடத்தைச் சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்தின் அடுத்த நிலையையும் பக்கத்துக் கட்டங்களின் எண்களைக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மூலம் கணக்கிட்டார்.

முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த அவர் மனம் ஒப்பவில்லை. 1916-ல் வானிலைத் துறை வேலையை விட்டு, பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்த நாட்களில் கையாலேயே ஒரு கணக்குப் போட்டார். 1910 மே 20 அன்று ஜெர்மனிப் பகுதியில் 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்பதே கேள்வி. கணக்கை முடிக்க ஏறக்குறைய 6 வாரங்கள் ஆயின.

கிடைத்த விடை: 145 மில்லிபார் உயர்வு! உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. ரிச்சர்ட்சன் இதை மறைக்கவில்லை. 1922-ல் வெளியிட்ட நூலில் தவறான விடையை அப்படியே அச்சிட்டார். வானிலையின் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கணக்கிட 64,000 பேர் தேவை என்றும் அதில் மதிப்பிட்டார்.

தவறு எங்கே? தொடக்கத்தில் கொடுத்த காற்று, அழுத்த அளவுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. பீட்டர் லிஞ்ச் என்ற ஐரிஷ் அறிஞர் பின்னாளில் அந்த எண்களைச் சீர்செய்து, அதே முறையில் கணக்கிட்டார். மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைவாக வந்தது. ரிச்சர்ட்சனின் வழிமுறை சரிதான்!

இந்த முறையை நீங்களும் எக்ஸெலில் செய்து பார்க்கலாம். ஒரு இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதாக வைத்துக்கொள்வோம்.

1. முதல் வரிசையில் 15 செல்களில் 0 டைப் செய்யவும். 8-ஆவது செல்லில் மட்டும் 100 எனக் கொடுக்கவும்.

2. இரண்டாவது வரிசையின் 2-ஆவது செல்லில் இந்தப் பார்முலாவை அமைக்கவும்: சமக்குறி, நேர் மேல் செல், கூட்டல் 0.25 பெருக்கல் (மேல் இடது செல் கூட்டல் மேல் வலது செல் கழித்தல் 2 பெருக்கல் நேர் மேல் செல்). செல் வரும் இடங்களில் அந்தச் செல்லில் மவுஸால் கிளிக் செய்தால் போதும்.

3. இதை 14-ஆவது செல் வரை வலப்பக்கமும், பிறகு 10 வரிசைகள் கீழேயும் இழுக்கவும்.

நடுச் செல்லில் 100, 50, 37.5 என வெப்பம் அழகாகப் பரவும். இப்போது 0.25-க்குப் பதிலாக 1 கொடுத்து மீண்டும் இழுங்கள். நடுச் செல் 100, -100, 300, -700 எனத் தாவும். எக்ஸெல் பிழைச் செய்தி எதுவும் தராது. இது ரிச்சர்ட்சனுக்கு நேர்ந்ததிலிருந்து வேறுபட்ட தவறு. அவருக்குத் தொடக்க எண்கள் காலை வாரின. இங்கே நாம் எடுத்து வைத்த அடி மிகப் பெரியது.

1950-ல் அமெரிக்காவின் எனியாக் கம்ப்யூட்டரில் 24 மணி நேர வானிலையைக் கணக்கிட ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனது. அந்தச் செய்தியைக் கேட்டு மகிழ ரிச்சர்ட்சன் உயிரோடு இருந்தார். 1953-ல் மறைந்தார். 2008-ல் அதே கணக்கை நோக்கியா 6300 செல்போன் ஒரு நொடிக்குள் முடித்தது.

வேகம் கூடியிருக்கிறது. ஆனால் விடை நம்பத் தக்கதா என்று பார்ப்பது இன்னும் நம் வேலைதான். வீட்டுக் கணக்கோ கடைக் கணக்கோ, திரையில் வந்த எண்ணை ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள்.