குளிர்பதனப் பெட்டியின் சப்தங்கள்

தறியில் அமர்ந்திருப்பவருக்கு நாடா ஓடும் ஒலி சிறிது மாறினாலே போதும். தார் தீர்ந்ததா, பாவிழை அறுந்ததா என்பது கண்ணால் பார்க்கும் முன்னரே புலப்பட்டுவிடும். பம்புசெட்டின் இரைச்சலை வரப்பிலிருந்து கேட்கும் விவசாயி, அது தண்ணீர் எடுக்கிறதா, காற்றை உறிஞ்சுகிறதா என்பதை அங்கிருந்தே கூறிவிடுவார். இவ்விதம் யந்திரங்களின் பேச்சை நன்கறிந்த நமது அங்கத்தினர்கள், சமையற்கட்டில் நிற்கும் குளிர்பதனப் பெட்டி புதிதாக ஒரு சப்தம் எழுப்பினால் மட்டும் திகைத்துப் போகின்றனர். சிலர் அன்றைக்கே பழுது பார்ப்பவரை அழைத்து, அவர் சொன்ன தொகையைக் கொடுத்துவிடுகின்றனர். பெட்டியின் காலைச் சிறிது திருகியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்கு அது தண்டச் செலவு. வேறு சிலர், 'பழைய பெட்டி, அப்படித்தான் இரையும்' என்று வாளாவிருந்துவிடுகின்றனர். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம், கம்ப்ரெஸரே எரிந்துபோய்ப் பல ஆயிரமாக வளர்கிறது. இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்க வேண்டுமாயின், எந்தச் சப்தம் இயல்பானது, எது நம் கையாலேயே நீக்கத்தக்கது, எதைக் கேட்ட மாத்திரத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று பிரித்தறியப் பழக வேண்டும். அம்முறையை இங்கே ஆராய்வோம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

பெட்டியின் பின்புறம் அடியில் கறுப்பு நிறத்தில், சிறு குடம் போன்று ஒன்று இருக்கும். அதுவே கம்ப்ரெஸர். மோட்டாரும் வாயுவை அழுத்தும் பிஸ்டனும் அதனுள் சுருள்வில்களின் மீது அமர்த்தப்பட்டு, முழுவதும் மூடிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே அழுத்தப்பட்டுச் சூடாகும் வாயு, வெளிக் குழாய்களில் ஓடித் தன் வெப்பத்தை அறைக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. (பழைய பெட்டிகளில் இக்குழாய்கள் முதுகில் வலைபோலத் தெரியும். புதியவற்றில் பெரும்பாலும் பக்கச் சுவர்களுக்குள்ளேயே மறைந்திருக்கும். பக்கச் சுவர் சுடுவதன் காரணம் அதுதான்.) பின்னர் அத்திரவம் மயிரிழை போன்ற நுண்குழாய் வழியே பாய்ந்து, உறைபனி அறையின் குழாய்களுக்குள் சென்று ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் பண்டங்களிலிருந்து எடுத்துக்கொள்வதால் அவை குளிர்கின்றன. ஆவி மீண்டும் கம்ப்ரெஸருக்குத் திரும்புகிறது.

குழாய் வலைக்கு ஆங்கிலத்தில் கண்டென்சர் என்று பெயர். பம்புசெட் மோட்டாரில் வைக்கும் கெபாசிட்டரையும் நம் பக்கத்தில் கண்டென்சர் என்றே வழங்குவதால், குழப்பம் நேராதிருக்கக் குழாய் வலை என்றே எழுதுவோம்.

அஞ்ச வேண்டாத ஒலிகள்

மேற்கூறிய சுற்றோட்டத்தை மனத்தில் இருத்தினால், பல சப்தங்களுக்குக் காரணம் தானே விளங்கும். கம்ப்ரெஸர் நின்றதும் கேட்கும் களகள ஒலி, குழாய்க்குள் திரவம் அமைதியடைவதால் எழுவது. 'உஸ்' என்ற மெல்லிய ஒலி, நுண்குழாய் வழியே திரவம் பாய்வதால் உண்டாவது. இரவில் சுள்ளி முறிவதுபோல் 'டக்' என்று கேட்பது, பெட்டியின் உட்புறப் பிளாஸ்டிக் குளிரில் சுருங்கி வெப்பத்தில் விரிவதால் வருவது. பனி தானாகவே உருகும் வகைப் பெட்டிகளில் சூடான கம்பி ஒன்று அவ்வப்போது பனியை உருக்கும். நீர்த்துளி அதன்மேல் விழும்போது தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல் சிறு சீறல் எழும். இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் உள்ள பெட்டிகளில் மோட்டாரின் வேகம் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதால், ரீங்காரமும் ஏறி இறங்கும். அவை அடிக்கடி நிற்காமல் நெடுநேரம் ஓடுவதும் இயல்பே.

சப்தம் புதியதா, வாங்கிய நாள் முதலே உள்ளதா என்பதை முதலில் வீட்டுப் பெண்களிடம் கேட்டறிவது நலம். பகல் முழுவதும் அதன் அருகே புழங்குகிறவர்கள் அவர்களே.

காதால் தேடும் முறை

சப்தம் புதியதுதான் என்று தெரிந்தபின் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரெஸர் ஓடும்போது மட்டும் கேட்கிறதா, நின்ற பின்னும் கேட்கிறதா? பின்புறம் அடியிலிருந்து வருகிறதா, உறைபனி அறையின் உள்ளிருந்து வருகிறதா? பெட்டியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் மாறுகிறதா? மூன்றாவது சோதனை மிக எளியது, பயனோ பெரிது. கை வைத்ததும் ஒலி அடங்கினால், அது அநேகமாக யந்திரப் பழுதாக இராது. எதுவோ ஒன்று எதன்மீதோ உரசி அதிர்கிறது என்று கொள்ளலாம்.

அவ்வாறாயின் முதலில் பெட்டியின் தலைமேல் உள்ளவற்றை அகற்றுக. ஸ்டெபிலைசர், பாத்திரம், பூச்சாடி, மருந்துச் சீசாக்கள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். உள்ளே ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கண்ணாடிப் புட்டிகளைப் பிரித்து வைக்க வேண்டும். அடுத்துப் பெட்டியை மூலைக்கு மூலை மெல்ல அசைத்துப் பார்க்கவும். நான்கு கால்களில் ஒன்று தரையில் படியாவிட்டால் பெட்டி ஆடும்; கம்ப்ரெஸர் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தடதடவென்று குலுங்கும். முன்கால்கள் திருகு அமைப்பு உள்ளவை. அவற்றைத் திருகிச் சமன் செய்து, முன்பக்கம் நூலளவு உயர்ந்திருக்குமாறு விட்டால் கதவு தானே சாத்திக்கொள்ளும். பெட்டியைப் பிளாஸ்டிக் ஸ்டாண்டின்மேல் வைத்திருப்போர் அந்த ஸ்டாண்டு விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதன் பிறகே பின்புறம் செல்ல வேண்டும். அதுவும் பிளக்கைக் கழற்றிய பின். குழாய் வலை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவரே தம்பட்டம்போல் முழங்கும். பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்தால் தீர்ந்தது. கம்ப்ரெஸரின் மேல், உருகிய நீர் சேரும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். அது இடம் பெயர்ந்தால் கிடுகிடுவென்று அதிரும், கையால் அமர்த்திவிடலாம். இரண்டு செம்புக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசினால் வண்டு முரல்வதுபோல் உலோக ஒலி எழும். இடையில் ஒரு சிறு ரப்பர்த் துண்டைச் செருகினால் போதும். குழாயை வளைக்க முற்பட வேண்டாம். மடிந்து வெடித்தால் வாயு முழுவதும் போய்விடும்.

நெசவாளர் இல்லங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. தறியும் பெட்டியும் ஒரே கூடத்தில் இருக்கும் வீடுகளில் பஞ்சுத் தூசி குழாய் வலையில் கம்பளிபோல் படிந்துவிடும். வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரெஸர் நெடுநேரம் சூடாக ஓடும். அதன் இரைச்சலும் மிகும், மின்சாரக் கட்டணமும் ஏறும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைப்பது நல்லது. பின்புறம் அடியில் சிறு விசிறி உள்ள பெட்டிகளில் தூசி அதன் இறக்கைகளிலும் படியும். எடை ஒருபுறம் மிகுந்து விசிறி உதறிக்கொண்டு ஓடும். பல்லி அகப்பட்டுக்கொள்வதும் அங்கேதான்.

பனி உருகும் பெட்டியின் விசிறி

தானே பனி உருகும் பெட்டிகளில் உறைபனி அறையின் பின்சுவருக்குள்ளும் ஒரு விசிறி உண்டு. அதுவே குளிர்ந்த காற்றைப் பரப்புவது. அங்கிருந்து 'டர்' என்ற உராய்வோ, கிரீச்சென்ற ஒலியோ வந்தால், மேற்கதவைத் திறந்து பார்க்கலாம். பல பெட்டிகளில் கதவைத் திறந்ததும் விசிறி நின்றுவிடும். சப்தமும் உடன் நின்றால் குற்றம் விசிறியினுடையது. கதவோரத்துச் சிறு சுவிட்சை விரலால் அழுத்த, சப்தம் மீண்டும் கேட்டால் ஐயமில்லை.

பெரும்பாலும் நேர்வது, பனி வளர்ந்து இறக்கையைத் தொடுவதுதான். பண்டங்களை வேறிடத்தில் வைத்து, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்தபடி ஓர் இரவும் பகலும் விட்டுவிட வேண்டும். அடியில் பழந்துணி விரித்தல் அவசியம். கத்தி, கரண்டிக் காம்பு முதலியவற்றால் பனியைக் குத்தக் கூடாது. பனியைக் கையால் அகற்றும் பழைய வகைப் பெட்டிகளில் உறைபனி அறையின் சுவரே மெல்லிய அலுமினியக் குழாய்த் தகடு. ஒரு குத்தில் பெட்டியையே இழந்துவிடலாம்.

உருக்கிய சில வாரங்களில் பனி மீண்டும் சேர்ந்தால், கதவின் ரப்பர் பட்டையைச் சோதிக்க வேண்டும். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், சற்றுத் தடை தெரிய வேண்டும். வழுக்கி வந்தால் அவ்விடத்தில் ஈரக்காற்று புகுகிறது என்று பொருள். பட்டை நன்றாயிருந்தும் பனி சேர்ந்தால் உருக்கும் கம்பியோ அதன் கட்டுப்பாடோ பழுதாகியிருக்கும். அது பழுது பார்ப்பவரின் வேலை.

'டிக்' என்னும் ஒலி

இதுவரை கூறியவை சில்லறைத் தொல்லைகள். இனிக் கூறப்போவது பெட்டியின் உயிரைப் பற்றியது.

பின்புறம் அடியில் ஓர் உறுமல் சில விநாடி கேட்கும், பின் 'டிக்' என்று ஓர் ஒலி, உடனே அமைதி. சில நிமிஷங்கள் கழித்து மீண்டும் உறுமல், மீண்டும் 'டிக்'. உள்ளே குளிர் குறைந்துகொண்டே போகும். கம்ப்ரெஸரின் மோட்டார் கிளம்ப முயன்று முடியாமல் மிகுந்த மின்சாரத்தை இழுக்கிறது. எரிந்துவிடாதபடி ஓவர்லோடு என்னும் காவல் சுவிட்சு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அந்த 'டிக்' காவலனின் ஒலி. அதைப் பொருட்படுத்தாமல் நாள் கணக்கில் விட்டால், ஒவ்வொரு முயற்சியிலும் மோட்டாரின் கம்பிச் சுற்று சுட்டுச் சுட்டு, ஒருநாள் எரிந்தே போகும். ஆகையால் இவ்வொலியை இருமுறை கேட்டதும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

கழற்றியபின் காரணத்தைத் தேடலாம். மின்சாரம் போய் உடனே வந்ததா? கம்ப்ரெஸர் நின்றவுடன் குழாய்களின் இருபுறமும் அழுத்தம் சமமாகாது. அந்நிலையில் மீண்டும் கிளம்புவது அதற்குப் பெரும் பளு. 5 நிமிஷம் பொறுத்துப் போட்டால் பல சமயம் ஒழுங்காக ஓடிவிடும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் உள்ளோர் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து 5 நிமிஷம் கழித்துப் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். அல்லது காலதாமத அமைப்புள்ள ஸ்டெபிலைசர் வாங்கலாம்.

அடுத்தது குறைந்த மின்னழுத்தம். சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும்போது வீட்டு விளக்கு மங்குகிறதா என்று பார்க்கவும். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அது மிகவும் தாழ்ந்தால் கம்ப்ரெஸரால் கிளம்ப இயலாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் மிக்ஸியையும் பெட்டியையும் சேர்த்து மாட்டியிருந்தாலும் இதே விளைவுதான். பெட்டிக்கென்று சுவரில் தனியே, எர்த் உள்ள ஒரு பிளக் வேண்டும்.

இவையெல்லாம் சரியாயிருந்து 'டிக்' தொடர்ந்தால், கம்ப்ரெஸரைக் கிளப்பும் ரிலேயோ கெபாசிட்டரோ பழுதாகியிருக்கலாம். இவை சில நூறு ரூபாய்ப் பொருள்கள். பழுது பார்ப்பவர் கம்ப்ரெஸரையே மாற்ற வேண்டும் என்றால், ரிலேயைச் சோதித்தீரா என்று கேட்பதில் குற்றமில்லை. கழற்றிய ரிலேயைக் குலுக்கினால் உள்ளே உடைந்த சில்லுகள் கலகலப்பதுண்டு. அதைக் காட்டச் சொல்லலாம். நாமே அதைக் கழற்ற முயலுதல் ஆகாது. பிளக்கை எடுத்த பின்னும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: 'டிக்' ஒலி ஸ்டெபிலைசரிலிருந்தும் வரலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதனுள் இருக்கும் ரிலே மாறி மாறி ஒலிப்பது இயல்பு. அருகில் காது வைத்து இரண்டையும் பிரித்தறிந்த பிறகே பெட்டியைக் குறை கூற வேண்டும்.

கம்ப்ரெஸருக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலிப்பதும் உண்டு. பெட்டியைப் படுக்கவைத்து வண்டியில் ஏற்றி வந்த பின் இது தோன்றினால், உள்ளே சுருள்வில்லிலிருந்து மோட்டார் விலகியிருக்கக்கூடும். பெட்டியை எப்போதும் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். படுக்கவைக்க நேர்ந்தால், எண்ணெய் தன் இடத்துக்கு இறங்குமாறு சில மணி நேரமாவது நிறுத்திவைத்த பிறகே மின்சாரம் தரலாம்.

வாயுவைப் பற்றி

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியாலில் உலக நாடுகள் செய்த உடன்பாட்டின் பயனாக, முன்பு நிரப்பிய ஆர் 12 வாயு கைவிடப்பட்டது. இப்போது வரும் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் நிரப்பப்படுகிறது. கம்ப்ரெஸரின்மேல் ஆர் 600ஏ என்ற எழுத்தும் தீச்சுடர்ப் படமும் இருக்கும். இது எரியும் வாயு. அளவு பொதுவாக 100 கிராமுக்கும் குறைவாதலால் பெட்டி முழுதாயிருக்கும்வரை அச்சமில்லை. ஆனால் குழாய் உடைந்து சீறும் ஒலி கேட்டால், அருகில் எந்தச் சுவிட்சையும் தொடாமல் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு விலக வேண்டும். பிறகு மெயின் சுவிட்சு வேறிடத்தில் இருந்தால் அங்கே மின்சாரத்தை நிறுத்தலாம்.

எந்தச் சப்தத்துக்கும் 'காஸ் இறங்கிவிட்டது' என்று விடை கூறுவோர் உண்டு. கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடியும் உறைபனி அறையில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் இச்சுற்று முழுவதும் மூடப்பட்டது; பயன்படுத்துவதால் வாயு தேய்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒரு துவாரம் இருந்தே தீர வேண்டும். ஆகவே துவாரத்தைக் கண்டு அடைத்து, வடிகட்டியையும் மாற்றி, தராசில் நிறுத்து வாயுவை நிரப்புவாரா என்று முன்கூட்டியே கேட்டு, மூன்றும் ரசீதில் எழுதித் தரப்பட்ட பிறகு பணம் கொடுக்கலாம்.