மலைப்பாதையில் டிராக்டர்: கியர் பெட்டி எண்ணெயில் இருக்கிறது பிரேக்கின் உயிர்

ஜவ்வாது மலையில் சாமை, கேழ்வரகு, கொள்ளு பயிரிடும் சிறு விவசாயிகளிடையே டிராக்டரும் பவர் டில்லரும் இன்று புழக்கத்துக்கு வந்துவிட்டன. சொந்தமாக வாங்கியவர்கள் சிலர். வாடகைக்கு அமர்த்திக்கொள்பவர்கள் பலர். இவர்களில் பெரும்பாலோர் எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் பார்க்கிறார்கள். ஆனால் கியர் பெட்டியில் உள்ள எண்ணெயை வண்டி வாங்கிய நாள் முதல் திறந்தே பார்க்காதவர்களும் உண்டு. சமவெளியில் இந்த மறதிக்குப் பணம்தான் செலவாகும். மலையில் உயிரே போகலாம். ஏன் என்பதையும், இந்த எண்ணெயைச் சோதிக்கும் முறையையும், மாற்றும் முறையையும் இங்கே பார்ப்போம்.

ஒரே எண்ணெய், நான்கு வேலை

எஞ்சினில் உண்டாகும் சக்தி பல்சக்கரங்கள் வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகிறது. அந்தப் பல்சக்கரங்கள் தேயாமல் காப்பது எண்ணெயின் முதல் வேலை. உராய்வில் எழும் சூட்டை வாங்கி வெளியே விடுவது இரண்டாவது வேலை. பெரும்பாலான டிராக்டர்களில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் இதே எண்ணெயைக் கொண்டுதான் இயங்குகிறது. இது மூன்றாவது வேலை.

நான்காவது வேலையைத்தான் பலர் அறிவதில்லை. இப்போது வரும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் பிரேக் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியே இருக்கின்றன. 'ஆயில் பிரேக்' என்று நாம் சொல்வது இதைத்தான். சேறும் தண்ணீரும் உள்ளே புகாது, தேய்மானம் குறைவு என்பதால் இது நல்ல அமைப்பு. ஆனால் பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் அந்த எண்ணெயின் தன்மையைப் பொறுத்தது. எண்ணெய் கெட்டால் பிரேக்கும் கெடும்.

பழைய மாடல்களில் உலர்ந்த பிரேக் இருக்கும். அங்கே ஆபத்து வேறு விதமானது. அச்சின் சீல் தேய்ந்து கியர் எண்ணெய் பிரேக் தட்டில் கசிந்தால் பிரேக் வழுக்கும். உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் கையேட்டைப் பார்த்தோ மெக்கானிக்கைக் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள்.

இறக்கத்தில் நடப்பது என்ன?

டிராக்டர், டிரெய்லர், மூட்டைகள் எல்லாம் சேர்ந்து 5 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டி உயரத்தில் 100 மீட்டர் கீழே இறங்குகிறது. அப்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் பிரேக்கே தாங்கினால், பிறக்கும் சூடு சுமார் 15 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காவலூர் வானாய்வுக் கூடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர்ப் பக்கம் இறங்குபவர் சமவெளியைத் தொடுவதற்குள் இப்படிப் பல நூறு மீட்டர் இறங்க வேண்டும்.

அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது இந்த எண்ணெய்தான். அளவு குறைந்திருந்தால் சூடு தங்கும் இடமும் குறையும். தண்ணீர் கலந்திருந்தால் சூட்டில் ஆவியும் நுரையும் கிளம்பும். தவறான எண்ணெயாக இருந்தால் தட்டுகள் ஒன்றையொன்று சரியாகப் பற்றாது. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் இது தெரியவரும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஆகவே ஏறும்போது எந்தக் கியரில் ஏறுகிறீர்களோ, அதே தாழ்ந்த கியரில் இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடியோ கியரை நடுநிலையில் வைத்தோ வண்டியை உருள விடாதீர்கள். இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் தாழ்ப்பாள் போட்டு இணைத்த பிறகே சாலையில் ஓட்டுங்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது பிரேக்குக்கும் எண்ணெய்க்கும் வேலை குறைகிறது.

அளவு பார்க்கும் முறை

மலைக்காட்டில் சரிவான இடத்தில் நிறுத்திவிட்டு அளவு பார்ப்பது பயனற்றது. எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து, குறைவாக இருப்பது நிறைவாகவும், நிறைவாக இருப்பது குறைவாகவும் காட்டும். நெற்களம், சாமைக்களம் போன்ற சமமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹைட்ராலிக் கைகளை முழுவதும் கீழே இறக்குங்கள். எஞ்சினை நிறுத்தி 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள்.

அளவுக்கோலைச் சுற்றியுள்ள தூசியை முதலில் துடைத்துவிட வேண்டும். பிறகு கோலை எடுத்து, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து, மீண்டும் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல்கோட்டை ஒட்டி எண்ணெய் நிற்க வேண்டும். சில வண்டிகளில் கோலுக்குப் பதில் பக்கவாட்டில் ஒரு திருகு அல்லது கண்ணாடி இருக்கும்.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறுதான். அதிக எண்ணெய் பல்சக்கரங்களில் அடிபட்டு நுரைக்கும். ஹைட்ராலிக்கில் காற்று புகும். சீல் வழியே கசியும். அளவு அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊற்றிக்கொண்டே இருப்பதை விடுத்து, கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

எண்ணெயின் நிறம் சொல்லும் சேதி

கோலில் ஒட்டும் எண்ணெயைக் கவனித்துப் பாருங்கள்.

தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த காபி போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பிரேக் தட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தங்கப் பொடி போல மினுமினுத்தால் உள்ளே வெண்கலப் பாகம் ஏதோ தேய்கிறது.

தண்ணீர்ச் சந்தேகம் தீர எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலில் சிறிது எண்ணெயைப் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் தண்ணீர் தனியாக நின்றால் சந்தேகமே இல்லை. சில சமயம் தண்ணீர் பிரியாமல் கலந்தே நிற்கும். அப்போது காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள்.

மழையில் நனைந்த வண்டி, ஓடையில் இறங்கிய வண்டி, சேற்றுழவு செய்த வண்டி ஆகியவற்றில் தண்ணீர் புகுவது சகஜம். வண்டியைக் கழுவும்போது காற்றுத் துளை மூடியின் மீது நேராகத் தண்ணீரைப் பீய்ச்சுவதும் ஒரு காரணம். மலையில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மானாவாரிச் சாகுபடியில் உழவு முடிந்தபின் வண்டி பல மாதம் சும்மா நிற்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது, பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து எண்ணெயில் இறங்குகிறது.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

'எண்ணெய் எல்லாம் ஒன்றுதான்' என்று மலிவான டப்பாவை வாங்காதீர்கள். ஹைட்ராலிக்கும் ஆயில் பிரேக்கும் கியர் பெட்டியோடு சேர்ந்த டிராக்டருக்குப் பொதுவாகக் கேட்பது யு.டி.டி.ஓ. என்ற வகை. பல்சக்கரம், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் பொருந்துமாறு சேர்மானங்கள் கலந்து தயாரித்தது இது. அந்த வகையிலும் கையேட்டில் சொன்ன தரமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

லாரிகளின் பின் அச்சுக்கு ஊற்றும் இ.பி. 90 போன்ற கியர் எண்ணெயை இதில் ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், அதிரும். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில வெண்கலப் பாகங்களை அரிக்கவும் கூடும். மார்கழிக் குளிரில் அது கெட்டியாகிக் கலப்பை மெல்லத்தான் தூக்கும். அதே எண்ணெய் ரோட்டவேட்டரின் கியர்ப் பெட்டிக்கு ஏற்றதாக இருக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்குரிய எண்ணெய் என்பதே விதி.

சில டிராக்டர்களில் பவர் ஸ்டியரிங்குக்குத் தனிக் கிண்ணம் உண்டு. ஆட்டோமாட்டிக் கியர் கார்களில் ஊற்றும் சிவப்பு நிற டிரான்ஸ்மிஷன் எண்ணெயை அதற்குக் கேட்பார்கள். அது அந்தக் கிண்ணத்தோடு நிற்கட்டும். கியர் பெட்டியில் ஊற்றக் கூடாது. பவர் டில்லருக்கும் அதன் கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு வேண்டாம்.

எப்போது, எப்படி மாற்றுவது?

புது வண்டியில் முதல் மாற்றம் சீக்கிரமே வரும். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத்தூள் அந்த எண்ணெயில் கலந்திருக்கும். அதன் பிறகு 1000 மணி ஓட்டத்தை ஒட்டியே பல கையேடுகள் கணக்குச் சொல்கின்றன. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்குக் கணக்கு. மணிக்கணக்கு எட்டாவிட்டாலும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எண்ணெயைச் சோதியுங்கள். வெளுத்திருந்தால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

1. வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்குங்கள். அப்போதுதான் கசடும் சேர்ந்து வடியும்.

2. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹைட்ராலிக் கைகளை இறக்கி, எஞ்சினை அணையுங்கள்.

3. போதிய பாத்திரங்களைத் தயாராக வையுங்கள். சிறிய டிராக்டரில் 15, 20 லிட்டரும், பெரியவற்றில் 30 முதல் 60 லிட்டர் வரையும் எண்ணெய் இருக்கலாம்.

4. வடிகால் திருகு ஒன்றுக்கு மேல் இருக்கலாம். எல்லாவற்றையும் திறந்து முழுவதும் வடிய விடுங்கள்.

5. திருகில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். மை போன்ற மெல்லிய தூள் இயல்பானது. நகம் அளவு துண்டோ பல்லின் சில்லோ இருந்தால் எண்ணெய் ஊற்றுமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

6. ஹைட்ராலிக் வடிகட்டியைக் கழுவுங்கள். கழுவ முடியாத வகையானால் புதிது போடுங்கள். காற்றுத் துளை மூடியையும் சுத்தம் செய்யுங்கள்.

7. டீசலை உள்ளே ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம். மூலைகளில் தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்.

8. திருகுகளைப் புது வாஷருடன் இறுக்கி, சுத்தமான புனல் வழியாக அளந்து ஊற்றுங்கள்.

9. எஞ்சினை ஓட்டி, ஹைட்ராலிக்கைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். நிறுத்திச் சிறிது நேரம் கழித்து மீண்டும் அளவு பார்த்துக் குறைவை நிரப்புங்கள்.

10. வெற்று வண்டியில் சமதரையில் பிரேக் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.

தண்ணீர் புகுந்த வண்டியானால் சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி சோதியுங்கள். மீண்டும் வெளுத்தால் தண்ணீர் புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம்.

கழிவு எண்ணெய்

செய்யாறு நம் மலையில்தான் பிறக்கிறது. இங்கே ஓடைக்கரையில் கொட்டும் எண்ணெய் நம் ஊற்றையும் கெடுக்கும். கீழே உள்ளவர்களின் தண்ணீரையும் கெடுக்கும். பழைய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள்

வண்டி உங்களுடையது இல்லையென்றாலும் மூட்டை உங்களுடையது. டிராக்டரில் ஏறுபவரும் நம் வீட்டுப் பிள்ளைதான். பாரம் ஏற்றுமுன் அளவுக்கோலை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நல்ல ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். எண்ணெய் வெளுத்திருந்தாலோ பிரேக் கிறீச்சிட்டாலோ அந்த வண்டியை நிலத்து வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறக்கத்துக்கு வேண்டாம்.

டிராக்டர் பராமரிப்பு பற்றிய சந்தேகங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். முறையாகப் பயிற்சி பெற விரும்பும் இளைஞர்களுக்கு ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

அளவு பார்க்க ஆகும் நேரம் கால் மணிதான். மாதம் ஒரு நாளை இதற்கென்று குறித்து, பார்த்த தேதியையும் மணி மீட்டரின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வண்டியை ஓட்டுவது யாராக இருந்தாலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இறக்கத்துக்குக் கிளம்பட்டும்.